தோட்டத்து வாசலில் நின்ற அரசு

கோலசிலாங்கூர் நகரத்தின் அருகே சிலாங்கூர் ஆறு கடலோடு கலக்கிறது. ஆற்றைக் கடந்து வடக்கு நோக்கிச் செல்வோர் தஞ்சோங் காராங், செகிஞ்சான், சபாக் பெர்ணம் எனத் தொடரும் நெல்வயல்களைக் காண்பர். கண்ணுக்கெட்டிய தூரம் பசுமை; அப்பசுமையை நேர்கோடுகளாகப் பிரித்து ஓடும் வாய்க்கால்கள். ஆற்றின் தெற்கும் கிழக்குமாகச் செல்வோர்க்கு வேறொரு காட்சி தோன்றும். ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக் எனத் தொடங்கி, 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை என்றும் அதன்பின் பெஸ்தாரி ஜெயா என்றும் வழங்கும் ஊர் வரையில், முன்பு ரப்பரும் இன்று செம்பனையுமாக நிற்கும் தோட்டங்கள் அவை.

வயலின் வாய்க்காலை வெட்டியது அரசு. 1930களில் தொடங்கிய தஞ்சோங் காராங் நீர்ப்பாசனத் திட்டம் பெர்ணம் ஆற்று நீரைத் திருப்பி, ஏறத்தாழ 20,000 ஹெக்டேர் சதுப்பு நிலத்தை நெல் நிலமாக்கியது. தோட்டத்தின் வடிகாலை வெட்டியது கம்பெனி. பாதை, வீடு, மருந்தகம், பள்ளிக்கூடம், கோயிலுக்கு இடம் ஆகிய அனைத்தும் கம்பெனி கொடுத்தவையே. ஒரே மாவட்டத்தில், சில மைல் இடைவெளியில், அரசு என்பதற்கு இருவேறு பொருள்கள் இருந்தன. ஒருபுறத்தில் அது வாய்க்காலும் விதையும் கடனும் கொண்டு வந்தது. மறுபுறத்தில் தோட்டத்து வாசலில் நின்றுகொண்டு, உள்ளே நடப்பதை மேற்பார்வை செய்தது.

1960களின் மலேசிய அரசைப் பற்றி எழுதுவோர் பொதுவாக இரண்டு முடிபுகளைக் கூறுவர். அக்காலத்தில் அரசு நாட்டுப்புற மக்களின் வாழ்வைத் தன் பொறுப்பாக ஏற்று வளர்ந்தது என்பது ஒன்று. தோட்டத் தமிழர் அவ்வளர்ச்சியில் விடுபட்டனர் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையே. ஆயினும், வளர்ந்துகொண்டிருந்த அரசு ஏன் குறிப்பாகத் தோட்டத்து வாசலில் வந்து நின்றது என்னும் வினாவுக்கு இவ்விரண்டும் விடையாகா. அவ்விடையைக் காண, அக்கால ஆட்சியின் அடியில் இருந்த ஒரு கொள்கையை ஆராய்தல் வேண்டும்.

தாராளம் என்னும் சொல்

ஆங்கிலத்தில் ‘லிபரல்’ எனப்படும் அரசியல் கொள்கையைத் தமிழில் ‘தாராளக் கொள்கை’ என்று பெயர்த்தனர். அப்பெயர்ப்பு ஒரு மயக்கத்தையும் உடன் கொண்டு வந்தது. தாராளம் என்றால் நம் செவியில் முதலில் விழுவது வள்ளன்மை. கையை விரித்துக் கொடுத்தல். அக்கொள்கையின் வேரோ கொடுத்தலில் இல்லை, விடுதலையில் இருக்கிறது. ஒருவனுடைய உடைமையிலும் தொழிலிலும் எண்ணத்திலும் அரசு தலையிடாமல் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதே 19ஆம் நூற்றாண்டில் அது பேசிய பேச்சு. வரி குறைவு, வாணிக உரிமை, ஒப்பந்த உரிமை, உடைமைக்குக் காவல் ஆகியவையே அதன் தூண்கள். அந்த நிலையில் அரசு ஊர்க்காவலனை ஒத்தது. இரவில் சுற்றி வருவான். எவர் வீட்டினுள்ளும் நுழையான்.

அந்நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அக்கொள்கையாளரிடம் ஐயம் எழுந்தது. ஆக்ஸ்போர்டில் கற்பித்த டி. எச். கிரீன் போன்றோர், தடையின்மை மட்டும் விடுதலை ஆகாது என்றனர். பசித்தவனுக்கும் எழுத்தறியாதவனுக்கும் சட்டம் எத்தனை உரிமைகளை எழுதிக் கொடுத்தாலும் அவற்றைக் கையாளும் ஆற்றல் அவனிடம் இல்லை. அவ்வாற்றலை உண்டாக்கும் கடமை பொதுமன்றத்துக்கு உண்டு என்பது அவர்கள் கருத்து. இங்கிலாந்தில் 1942ஆம் ஆண்டின் பெவரிட்ஜ் அறிக்கையும் 1948ஆம் ஆண்டின் நாட்டு மருத்துவப் பணியும் அதன் விளைவுகள். அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டு முதல் ஜான்சன் தொடங்கிய வறுமை எதிர்ப்புத் திட்டங்களும் அவ்வழியினவே. இவ்வாறு, ஒதுங்கி நிற்றல் என்று தொடங்கிய கொள்கை, 1960களில் உலகின் பல பகுதிகளிலும் முன்வந்து செய்தல் என்னும் பொருளைப் பெற்றது. தமிழர் தந்த ‘தாராளம்’ என்னும் பெயர் காலம் கடந்து பொருந்தியது எனலாம்.

தமிழகத்து வாசகர்க்கும் இவ்வழக்கு புதியதன்று. 1959இல் சுதந்திராக் கட்சியை நிறுவிய இராசகோபாலாச்சாரியார், அரசின் அனுமதிச் சீட்டும் உரிமமும் மக்களை முடக்குகின்றன என்று நேருவின் திட்டமிடலை எதிர்த்தார். அதே காலத்தில், 1954 முதல் 1963 வரை சென்னை மாநில முதலமைச்சராக இருந்த காமராசர், சிற்றூர்தோறும் பள்ளியைத் திறந்து, பள்ளியில் உணவும் அளித்தார். விடுதலைக்கு அரசு பகையா, துணையா என்னும் வழக்கு அங்கே மேடையில் நடந்தது. மலாயாத் தோட்டத்திலோ அது மேடை ஏறவில்லை. உடைமை உரிமை என்னும் பழைய தூண் அங்கே கேள்வியின்றி நின்றது.

துரையின் சிற்றரசு

தோட்டம் வெறும் தொழிலிடம் அன்று. அது ஒரு சிற்றரசு. துரை, கிராணி, மண்டோர், பால்வெட்டுக்காரர் என அதற்கொரு படிநிலை. விடியுமுன் பெரட்டுக்களத்தில் பேர்பதிவு, பிறகு மரம் வெட்டு, பால் எடுப்பு, நிறுவை என அதற்கொரு நாள்முறை. இச்சிற்றரசை அரசே சட்டத்தினால் உருவாக்கியது என்பதை மறத்தலாகாது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி நடத்தும் கடமையை முதலாளியின்மேல் சுமத்தியது. வீடு, நீர், மருத்துவம் ஆகியவற்றுக்கும் அவனே பொறுப்பு. அரசின் அதிகாரிகள் வந்து பார்ப்பர். குறை கண்டால் எழுதுவர்.

இம்முறையின் நன்மையை மறுப்பதற்கில்லை. சட்டம் இல்லாதிருந்தால் பல தோட்டங்களில் பள்ளியே தோன்றியிராது. ஆயினும், அதனுள் ஒரு பெருங்குறை இருந்தது. பள்ளியும் வீடும் மருந்தும் தொழிலாளிக்குக் குடிமகன் என்ற முறையில் கிடைக்கவில்லை. இன்ன தோட்டத்தில் பேர் பதிந்தவன் என்ற முறையிலேயே கிடைத்தன. பேர் நீங்கினால் வீடும் நீங்கும். வீடு நீங்கினால் பிள்ளையின் பள்ளியும் நீங்கும். கொடுப்பவனும் வேலை வாங்குபவனும் ஒருவனே ஆனபோது, வேலையிடத்தில் அவனை எதிர்த்துப் பேசுபவன் தன் கூரையையும் பணயம் வைத்தே பேச வேண்டியிருந்தது. வேலை வேண்டாம் என்று விலகும் உரிமை சட்டத்தில் உண்டு. அதைப் பயன்படுத்தும் ஆற்றல் லயத்து வீட்டில் இல்லை.

இதைத் தோட்ட மக்கள் உணராதிருந்தனர் என்று கூறுவது பிழை. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் எழுந்து சிலாங்கூர்த் தோட்டங்களில் பரவிய வேலை நிறுத்தத்தை நினைவு கூர்தல் தகும். ஆர். எச். நாதனும் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும் முன்னின்ற அப்போராட்டத்தின் கோரிக்கைகளில் கூலி உயர்வு ஒன்று மட்டுமே. பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி, தக்க மருத்துவம், கள்ளுக்கடை ஒழிப்பு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் இழிவு நீங்குதல், கூடிப் பேசும் உரிமை ஆகியவற்றோடு, உற்றாரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்து செல்லும் உரிமையையும் அவர்கள் கேட்டனர். அந்தக் கடைசிக் கோரிக்கையே இக்கட்டுரையின் மையம். தோட்டத்து வாசல் திறக்கப்பட வேண்டும் என்பதே அது. அரசு அவ்வேண்டுகோளுக்குப் படையைக் கொண்டு விடை கூறியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்; நாதன் நாடு கடத்தப்பட்டார். வாசலைத் திறக்க வராத அரசு, உடைமையைக் காக்க உள்ளே வந்தது. ஊர்க்காவலன் என்னும் பழைய பொருளுக்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டா.

அரசு வளர்ந்த பத்தாண்டு

1957இல் நாடு விடுதலை பெற்றது. அதன் முந்திய ஆண்டிலேயே நிலமேம்பாட்டுச் சட்டத்தின் வழியாக ‘பெல்டா’ என்னும் நிலக் குடியேற்ற வாரியம் தோன்றியிருந்தது. 1959இல் துன் அப்துல் ரசாக்கின் பொறுப்பில் கிராம வளர்ச்சிக்கெனத் தனி அமைச்சு அமைந்தது. மாவட்டந்தோறும் ‘சிவப்பு நூல்’ எனப்பட்ட திட்ட ஏடு வைக்கப்பட்டது. எந்தக் கம்பத்துக்குப் பாதை வேண்டும், எங்கே பாலம், எங்கே குடிநீர் என்று அதில் குறித்தனர். செயலறைகளின் சுவர்களில் நாட்டுப்படம் தொங்கியது. குறித்த நாளில் பணி முடிந்ததா என்று அமைச்சரே வந்து கேட்டார். 1962 முதல் தொடக்கப் பள்ளிகளில் கட்டணம் ஒழிந்தது. தஞ்சோங் காராங் வயல்களில் அப்பத்தாண்டிலே இருபோகம் விளையத் தொடங்கியது. அரசு ஊர்க்காவலன் என்ற நிலையிலிருந்து குடியானவனின் கூட்டாளி என்ற நிலைக்கு உயர்ந்த காலம் அது.

அந்த ஏட்டில் தோட்டத்துக்கு இடம் இல்லை. கிராம வளர்ச்சி என்பது கம்பத்து வளர்ச்சியாகவே கொள்ளப்பட்டது. தோட்டம் தனியார் நிலம். அங்குள்ள பாதையும் விளக்கும் நீரும் உடைமையாளர் பொறுப்பு என்பது நிருவாகத்தின் விடை. பெருஞ்சாலை ஓரத்தில் வந்த மின்கம்பி தோட்டத்து எல்லையில் நின்றது என்றால், அதற்கு ஒருவரின் வெறுப்பு மட்டுமே காரணமன்று. வரைபடத்தில் தோட்டம் நிறுவனத்தின் உடைமையாகத் தோன்றியதேயன்றி, மக்கள் வாழும் ஊராகத் தோன்றவில்லை.

அரசு தோட்டத்துக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று எழுதுவோரும் உளர். அதுவும் நேர்மையன்று. 1951இல் ஊழியர் சேமநிதி வந்தது. 1955இல் வேலைச் சட்டம் வந்தது. 1966இல் தொழிலாளர் வீட்டுக்குக் குறைந்த அளவுத் தரம் விதிக்கும் சட்டமும், 1967இல் தொழில் உறவுச் சட்டமும் நிறைவேறின. 1954இல் பி. பி. நாராயணன் முதல் பொதுச் செயலாளராக விளங்க உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், முதலாளிகளோடு அமர்ந்து கூலி ஒப்பந்தம் பேசும் நிலை பெற்றது. 1941இல் சுடப்பட்டவர்களின் பிள்ளைகள் 1960களில் மேசையில் அமர்ந்து பேசினர் என்பது சிறிய மாறுதல் அன்று.

இருப்பினும், இச்சட்டங்களின் தன்மையை நோக்குதல் வேண்டும். இவை அனைத்தும் ஆணையிடும் அரசின் சட்டங்கள். ஆக்கித்தரும் அரசின் செயல்கள் அல்ல. வீடு இன்ன அளவில் இருக்க வேண்டும் என்று சட்டம் கூறும்; வீட்டைக் கட்டுபவன் கம்பெனி; வீடு கம்பெனிக்கே உரியது. சேமநிதி சேமிக்கும், சேர்வது கூலியின் பகுதி, கூலி சிறிதாயின் சேமிப்பும் சிறிது. கம்பத்துக் குடியானவனுக்கு அரசு கையில் கொடுத்தது. தோட்டத் தொழிலாளிக்கு அவன் முதலாளியிடம் சொல்லி வைத்தது. முன்னவன் பெற்றது நிலையான உடைமை. பின்னவன் பெற்றது வேலை உள்ளவரை நிலவும் வசதி.

ஒரே செம்பனை, இரு வாழ்வு

இவ்வேறுபாட்டைக் காட்டக் கோலசிலாங்கூரிலேயே சிறந்த சான்று உண்டு. பத்தாங் பெர்ஜுந்தை அருகேயுள்ள தென்னமரம் தோட்டத்தில் 1917இல் பிரெஞ்சுக்காரரான ஆன்றி போக்கொன்னியே செம்பனையை வாணிக நோக்கில் பயிரிட்டார். நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் அதுவே. அவர் பின்னாளில் எழுதிய ‘மலேசி’ என்னும் நாவல் 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றது. தோட்டத்தின் பெயரே தமிழாக இருப்பது, அங்கே யாருடைய பேச்சு ஒலித்தது என்பதற்குச் சான்று.

1960களில் ரப்பர் விலையின் தளர்ச்சி கண்டு அரசு செம்பனையை ஊக்குவித்தது. பெல்டா குடியேற்றங்களிலும் அது பரவியது. அங்கே குடியேறியவர் பெரும்பாலும் நிலமற்ற மலாய்க் குடும்பத்தினர். அரசு காட்டைத் திருத்திப் பயிரிட்டு, வீடு கட்டி, ஏறத்தாழ பத்து ஏக்கர் அளவில் நிலத்தை ஒதுக்கியது. மரம் பலன் தரும்வரை வாழ்க்கைச் செலவுக்கு முன்பணம் தந்தது. அச்செலவைக் குடியேறியவர் விளைச்சலிலிருந்து தவணையாகத் திருப்பிக் கட்டினர். இது பிச்சையன்று, நாணயமான கடன். நிலமற்றவனை நிலக்காரன் ஆக்கக் கூடிய வழி அரசுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு இதுவே சான்று.

அதே செம்பனை கோலசிலாங்கூர்த் தோட்டங்களில் ரப்பரை அகற்றி வந்தபோது தொழிலாளிக்கு என்ன கொண்டு வந்தது? ஏக்கருக்கு ரப்பர் கேட்கும் கைகளைவிடச் செம்பனை கேட்கும் கைகள் குறைவு. பால்வெட்டில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஈட்டிய கூலி சுருங்கியது. மரம் மாறியது, உடைமை மாறவில்லை. ஒரே மரம் ஒருவனைக் குடியானவன் ஆக்கியது. மற்றவனை மிகையான ஆள் ஆக்கியது. இவ்விரண்டுக்கும் இடையே நின்றது மண்ணின் தரமோ உழைப்பின் தரமோ அன்று. அரசு எங்கே நுழையும், எங்கே நுழையாது என்னும் முடிவே.

துண்டாடலும் கூட்டுறவும்

அம்முடிவு மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்டது தோட்டத் துண்டாடலின்போது. 1950களில், ஆட்சி மாற்றத்தை எண்ணி ஐரோப்பியக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுவிலைக்கு விற்றனர். துண்டுக்காரர்க்குப் பழைய தொழிலாளர் தேவையில்லை. லயமும் பள்ளியும் மருந்தகமும் தேவையில்லை. விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்து விழுந்த அன்றே தலைமுறை தலைமுறையாய் அங்கே வாழ்ந்த குடும்பங்கள் வேலை, வீடு, பள்ளி மூன்றையும் ஒருங்கே இழந்தன. உங்கு அப்துல் அசிஸ் தலைமையில் மலாயாப் பல்கலைக்கழகத்தார் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து விரிவான அறிக்கை தந்தனர். நோய் அறியப்படாததன்று, மருந்து கொடுப்பதில்தான் தயக்கம். தன் நிலத்தை விற்பது உடைமையாளனின் உரிமை என்னும் எண்ணம் வலுவாக இருந்தது. தோட்ட நிலம் பலர்க்குப் பிரித்து மாற்றப்படுவதற்கு வாரியத்தின் இசைவு வேண்டும் என்னும் விதி நாட்டு நிலச் சட்டத்தில் இடம்பெற்றது பிற்காலத்தில். அதற்குள் துண்டாடல் பல தோட்டங்களை விழுங்கிவிட்டது.

அரசு தயங்கிய இடத்தில் சமூகம் முன்வந்தது. மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவரும் அமைச்சருமான துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தோட்டந்தோறும் சென்று, கூலியிலிருந்து சிறுகச் சிறுகப் பங்குப் பணம் சேர்க்கச் சொன்னார். 1961இல் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. பின்னர் மேலும் பல தோட்டங்கள் சேர்ந்தன. பால்வெட்டுபவன் தோட்டத்தின் பங்காளி ஆதல் கூடும் என்று காட்டியது அச்சங்கம். கையேந்தாமல் நிமிர்வதற்கு அது கற்றுத் தந்தது. அப்புகழை எவரும் குறைத்தல் ஆகாது.

புகழ்வதோடு நின்றால் திறனாய்வு ஆகாது. அச்சங்கத்துக்கு இரண்டு எல்லைகள் இருந்தன. சங்கம் வாங்கிய தோட்டமும் தோட்டமாகவே தொடர்ந்தது. உறுப்பினன் பங்காளி ஆனான், ஆயினும் தான் வெட்டும் மரத்துக்கும் வசிக்கும் வீட்டுக்கும் தனியுரிமை பெற்றானல்லன். இதனினும் முக்கியமானது மற்றது. நாட்டின் மற்றொரு பகுதி மக்களுக்குப் பொதுநிதியால் செய்து தரப்பட்ட ஒன்றை, தோட்டத் தொழிலாளி தன் நாட்கூலியால் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. மிகக் குறைவாக உடையவனிடமே அவனுடைய காப்புக்கான விலையும் கேட்கப்பட்டது. தன்னுதவி உயர்ந்த பண்பு. ஆனால் தன்னுதவியின் வெற்றி, பொதுக் கடமையின் தோல்வியை மறைக்கும் திரையாகிவிடலாம். துண்டாடப்படும் தோட்டத்தை அரசு வாங்கி, பெல்டா முறையிலேயே தவணைக்குத் தொழிலாளர்க்குக் கொடுத்திருக்கலாமே என்னும் வினா அக்காலத்தில் போதிய உரத்தில் எழாமைக்குச் சங்கத்தின் புகழும் ஒரு காரணம் எனத் தோன்றுகிறது.

உள்ளே வந்த நாள்

தோட்டத்து வாசலில் நின்ற அரசு 1969இல் உள்ளே வந்தது. ஆனால் நீர்க்குழாயோடு வரவில்லை. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டு பெற வேண்டும் என்றது. பிறந்த பத்திரம் இல்லாதார், விடுதலைக்குப்பின் கிடைத்த வாய்ப்பில் மனுச் செய்யத் தவறியோர், எழுதப் படிக்கத் தெரியாமல் தாள்களை இழந்தோர் என அவ்வலையில் அகப்பட்டோரில் தோட்டத் தமிழர் மிகுதி. இந்நாட்டிலேயே முதுமை எய்தியவர்கள் ஒரே நாளில் அயலார் ஆயினர். 1969ஆம் ஆண்டு மே 13 கலவரத்தின் அச்சமும் உடன் சேர, பல்லாயிரவர் கப்பல் ஏறினர். அங்கே அவர்களுக்கென வீடு வைத்திருந்தவர் சிலரே.

தாராளக் கொள்கையின் மற்றொரு நலிவு இங்கே வெளிப்படுகிறது. அது உரிமைகளைக் குடிமகனுக்கே தருகிறது. குடிமகன் யார் என்று தீர்மானிக்கும் தாளைப் பெறுவதற்கு எழுத்தறிவும் அலுவலகத்தை அணுகும் துணிவும் வேண்டும். அவ்விரண்டையும் கொடுக்க வேண்டிய பள்ளி தோட்டத்துக்குள், கம்பெனியின் கையில் இருந்தது. வாசலுக்கு உள்ளே கல்வியை ஒப்படைத்த அரசு, பின்னர் வாசலுக்கு வெளியே நின்று தாள் எங்கே என்று கேட்டது.

பள்ளிக்கூடம் என்னும் உரைகல்

தமிழாசிரியர்க்கு இவ்வாராய்ச்சி பழங்கதையன்று. 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கையும் 1960ஆம் ஆண்டின் ரகுமான் தாலிப் அறிக்கையும் 1961ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் தமிழ்த் தொடக்கப் பள்ளியை நாட்டுக் கல்வி முறையின் உறுப்பாக ஏற்றன. ஆசிரியர் சம்பளமும் பாடத்திட்டமும் அரசின் பொறுப்பாயின. அதுவரை கிராணியின் கணக்குப் புத்தகத்தோடு சேர்ந்திருந்த ஆசிரியர், நாட்டின் ஆசிரியர் ஆனார். அதே சட்டத்தின் 21ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, தகுந்த காலம் வந்ததென அமைச்சர் கருதினால் ஒரு பள்ளியைத் தேசியப் பள்ளியாக மாற்றலாம் என்றும் கூறியதால், ஏற்பிலேயே அச்சமும் கலந்திருந்தது.

கட்டடமோ வேறு கதை. ஆசிரியரை ஏற்ற அரசு, அவர் நிற்கும் நிலத்தை ஏற்கவில்லை. நிலம் தோட்டத்துக்குரியது என்பதால் பள்ளி ‘பகுதி உதவி’ பெறும் பள்ளி ஆயிற்று. சம்பளம் முழுமையாக வரும். கூரை ஒழுகினால் பொறுப்பாளர் எவர் என்பதில் ஐயம் எழும். இன்றும் மலேசியாவின் 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பான்மை இவ்வகையினவே. தோட்டம் விற்கப்பட்டு மக்கள் வெளியேறியபின், பிள்ளைகள் இல்லாத இடத்தில் பள்ளியும், பள்ளி இல்லாத இடத்தில் பிள்ளைகளும் இருப்பதை ஆசிரியர்கள் நன்கு அறிவர். 1960களில் தோட்டத்து வாசலில் இடப்பட்ட கோடு, இன்று பள்ளியின் நிலப் பத்திரத்தில் வந்து நிற்கிறது.

முடிபு

தோட்டத் தமிழர் விடுபட்டதற்கு வழக்கமாகக் கூறப்படும் காரணங்கள் மூன்று. அவர்கள் கேட்கவில்லை என்பது ஒன்று. 1941ஆம் ஆண்டின் கோரிக்கைப் பட்டியல் அதனைப் பொய்யாக்குகிறது. தலைவர்கள் தவறினர் என்பது மற்றொன்று. தொழில் அமைச்சே நெடுங்காலம் இந்தியர் காங்கிரசாரின் பொறுப்பில் இருந்தது உண்மையாயினும், தொழில் அமைச்சின் கையில் இருந்தது ஆணையிடும் கோல் மட்டுமே. நிலமும் நிதியும் வேறிடத்தில் இருந்தன. இன வேற்றுமை என்பது மூன்றாவது. அது உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும் அவ்வேற்றுமை தன் பெயரால் பேசவில்லை. உடைமை உரிமை, ஒப்பந்த உரிமை, தனியார் பொறுப்பு என்னும் மதிப்புமிக்க சொற்களால் பேசியது. அதனால்தான் நல்லெண்ணம் கொண்டவர்களும் அதனை எதிர்க்கும் சொல்லின்றி நின்றனர். நாட்டின் மற்றப் பகுதிகளில் கைவிடப்பட்ட பழைய தாராளக் கொள்கை, தோட்டத்துக்குள் மட்டும் உயிரோடு வைக்கப்பட்டிருந்தது என்பதே இவற்றினும் ஆழமான காரணம்.

திருக்குறளின் இறைமாட்சி அதிகாரம் வேந்தனின் கடமைகளை நான்காகக் காண்கிறது. செல்வம் வரும் வழிகளை உண்டாக்குவதும், வந்ததைச் சேர்ப்பதும், சேர்த்ததைப் பேணுவதும் முதல் மூன்று. பேணியதை உரியவாறு பங்கிடுவது நான்காவது. ரப்பராலும் செம்பனையாலும் நாட்டுக்கு வருவாய் வரும் வழியை உண்டாக்கியவர்களுள் கோலசிலாங்கூர்த் தோட்ட மக்களும் அடங்குவர். அரசு அவ்வருவாயை வரியாகச் சேர்த்தது, கருவூலத்தில் பேணியது. நான்காவது கடமை தோட்டத்து வாசலில் நின்றுவிட்டது. வாங்கும்போது அவ்வாசல் தடையாக இல்லை. கொடுக்கும்போது மட்டுமே அது தடையாயிற்று.

2013 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் தொடக்கத்தில் தீபகற்பத்தில் 900 வெள்ளி என வகுக்கப்பட்டது. கூலியை முதலாளியும் சங்கமும் மட்டுமே பேசித் தீர்க்க வேண்டும் என்னும் பழைய எல்லையை அரசு அன்று கடந்தது. அப்போதோ தோட்டங்களில் வேலை செய்தோரில் பெரும்பாலோர் அயல்நாட்டிலிருந்து வந்தவர். பழைய குடும்பங்களின் பிள்ளைகள் நகரங்களின் ஓரத்தில் குடியேறிவிட்டனர். அவர்களுக்கு இன்று எஞ்சியுள்ள வழக்குகள் இரண்டு. நெடுநாள் வாழ்ந்து நீங்கிய தோட்ட மக்களுக்குச் சொந்த வீடு என்பது ஒன்று. பள்ளிக்குச் சொந்த நிலம் என்பது மற்றொன்று. இவற்றை இரக்கத்தின் பெயரால் கேட்பது போதாது. தஞ்சோங் காராங் வாய்க்காலை வெட்டிய அதே பொதுக் கடமையின் பெயரால் கேட்பதே முறை. வயலுக்கு நீர் விட்டது தவறன்று. அந்நீர் எல்லைக் கல்லில் நின்றதே தவறு.